மூத்தாப்பாவின் இசைத்தட்டும் ஒரு வைர ஊசியும்

கடந்த டிசம்பர் விடுமுறையில் கட்டாரிலிருந்து வந்த ஒருவரிடம் சாச்சா ஓர் உறை கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே 45,000 ரூபாவும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. மூத்தாப்பாவின் ரெக்கோட் பிளேயரை அவர் நன்றாகக் கேட்கும்படி செய்து கொடுங்கள் என்று மட்டுமே எழுதியிருந்தார். எதை வாங்குவது, எதை மாற்றுவது என்று ஒரு சொல்லும் இல்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பெரிய விவாதம். புதிய ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்றார் நானா. எம்ப்ளிபயரை மாற்றினால்தான் சத்தம் தெளியும் என்றார் மாமா. இந்தப் பணத்துக்கு ஒரு புளூடூத் பெட்டி வாங்கினால் எல்லோருக்கும் உதவும் என்றார் உம்மா. கடைசியில் வாப்பா என்னைக் காட்டி, "பௌதிகவியல் படிக்கிறவள்தானே, அவள் பார்த்துச் சொல்லட்டும்" என்றார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உள்ளே ஒரு பயமும் இருந்தது. அந்தத் தட்டுகளில் ஒன்றுக்கு நான் செய்த தீங்கு எனக்கு மட்டுமே தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூத்தாப்பா 1979 முதல் 1984 வரை குவைத்தில் வேலை செய்தவர். திரும்பி வரும்போது ஜப்பானில் செய்த ஒரு பிளேயர், ஓர் எம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர்கள், கொஞ்சம் இசைத்தட்டுகள் கொண்டுவந்தார். நாகூர் ஈ. எம். ஹனீபாவின் பாடல்கள், சில பழைய சினிமாப் பாடல்கள், எகிப்தின் காரி அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத் அடங்கிய ஒரு பெரிய தட்டு. பேருவளையின் கடற்காற்றிலும் உப்பிலும் பல வருடங்கள் அலுமாரிக்குள் கிடந்துவிட்டு, நான் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அவை வெளியே வந்தன. முதல் நாளே மூத்தாப்பா முகத்தைச் சுளித்தார். "இது ஹனீபாட குரலா? தடிமன் புடிச்ச ஆள்ட சத்தம் மாதிரி ஈக்குது" என்றார். வயதானவருக்குக் காது சரியில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எதை மாற்றுவது என்று தீர்மானிக்க, ஒலி எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இசைத்தட்டில் இருப்பது ஒரே ஒரு நீண்ட பள்ளம். வெளி விளிம்பில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே போகிறது. பெரிய தட்டின் ஒரு பக்கத்தை விரித்து நீட்டினால் ஏறக்குறைய 400 மீற்றருக்கு மேல் வரும். பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் பாட்டு நெளிவுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. ஊசி அந்த நெளிவுகளில் ஆடுகிறது. ஊசியின் தண்டில் இருக்கும் சிறிய காந்தம் ஆடும்போது பக்கத்திலிருக்கும் கம்பிச் சுருளில் மின் தூண்டப்படுகிறது. பரடேயின் மின்காந்தத் தூண்டல் விதி பாடப் புத்தகத்தை விட்டு எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் வந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன். ஊசியும் காந்தமும் சுருளும் சேர்ந்த அந்தச் சிறிய பெட்டிக்குத்தான் காட்ரிஜ் என்று பெயர்.

அதிலிருந்து வெளிவருவது வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ற்று. அதை நூறு மடங்களவில் பெருக்கினால்தான் சாதாரண எம்ப்ளிபயரால் கையாள முடியும். பெருக்கினால் மட்டும் போதாது. தட்டை வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் தாழ்ந்த சுரங்களின் நெளிவு பக்கத்துப் பள்ளத்தையே உடைத்துவிடும். 1954 இல் ஆர்.ஐ.ஏ.ஏ. எனும் அமெரிக்க ஒலிப்பதிவுச் சங்கம் இதற்கு ஒரு பொது அளவை வகுத்தது. 1000 ஹேட்ஸுடன் ஒப்பிடும்போது, 20 ஹேட்ஸ் ஒலி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது, 20,000 ஹேட்ஸ் ஒலி பத்து மடங்களவுக்குக் கூட்டப்படுகிறது. கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பழைய எம்ப்ளிபயர்களில் 'போனோ' என்று எழுதிய துளை இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் பலவற்றில் அந்தத் துளை கிடையாது. மாமா சொன்ன புதிய எம்ப்ளிபயரிலும் இல்லை. அதை வாங்கியிருந்தால் போனோ பெட்டி ஒன்றைத் தனியாகத் தேடி இன்னொரு செலவு செய்திருப்போம். எங்களுடைய பழையதில் அது இருந்தது, வேலையும் செய்தது. எனவே எம்ப்ளிபயர் பட்டியலிலிருந்து போனது.

காசு செலவழிக்க முன்னர், காசில்லாமல் திருத்தக்கூடியவை என்னென்ன என்று பார்க்கத் தொடங்கினேன். இந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் கதி. பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டும். அப்படியென்றால் 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று. தட்டின் நடுத்தாளில் ஒரு சிறிய கடதாசித் துண்டை ஒட்டிவிட்டு, தம்பி நேரம் பார்க்க நான் எண்ணினேன். 96. நம்ப முடியாமல் இன்னொரு தடவை எண்ணினோம். அதே 96. நூற்றுக்கு நான்கு பங்கு மெதுவாகச் சுழன்றால் குரலும் அந்த அளவுக்குத் தாழும். அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து வருடமாக மூத்தாப்பா சொன்னது உண்மை! அவருடைய காதில் பிழை இல்லை. மோட்டரையும் தட்டையும் இணைக்கும் இறப்பர் பட்டி முதுமையில் இளகி வழுக்கிக்கொண்டிருந்தது. புதிய பட்டிக்கு 3,500 ரூபா ஆனது. மாற்றிய பிறகு எண்ணினோம், 100.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு தகவல். சவூதியிலிருந்து வந்த பிளேயர் உங்கள் வீட்டில் இருந்தால் பட்டியை மட்டும் குறை சொல்லாதீர்கள். அங்கே மின்னோட்டம் 60 ஹேட்ஸ், இங்கே 50. மின்னோட்டத்தின் மீடிறனைப் பின்பற்றிச் சுழலும் மோட்டராக இருந்தால் தட்டு ஆறில் ஐந்து பங்கு கதியில்தான் சுழலும். மோட்டரின் அச்சிலிருக்கும் சிறிய கப்பியை மாற்றினால் சரியாகும். குவைத்திலும் இங்குள்ளது போல 50 ஹேட்ஸ் என்பதால் நாங்கள் தப்பினோம்.

அடுத்தது இரைச்சல். கிராஅத் தட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், காரி அப்துல் பாஸித் ஒரே மூச்சில் நீளமாக ஓதிவிட்டு நிறுத்துவார். அந்த மௌனத்தில் எங்கள் வீட்டில் 'ம்ம்ம்' என்றொரு முனகல் கேட்கும். பிளேயரின் பின்னால் ஒரு மெல்லிய கறுப்புக் கம்பி எங்கும் கொழுவப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அது புவித்தொடுப்புக் கம்பி. எம்ப்ளிபயரின் பின்புறத்துத் திருகாணியில் அதை முறுக்கியதும் முனகல் நின்றது. செலவு பூச்சியம்.

பிளேயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே அலுமாரியின் மேல் நின்றன. ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக ஊசிக்குப் போய், ஊசி அதையும் பாட்டென்று எண்ணி மீண்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். சத்தத்தைக் கூட்டினால் உம்மாவின் கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் சேர்ந்து பாடும். ஸ்பீக்கர்களை இறக்கி இரண்டு முக்காலிகளில், இருந்து கேட்பவரின் காதுமட்டத்தில் வைத்தோம். சுவரிலிருந்து சற்று முன்னே தள்ளினோம். சீமெந்துத் தரையில் ஒரு கம்பளமும் விரித்தோம். அது எங்கள் தொழுகை அறையிலிருந்து கடன் வாங்கிய பழைய கம்பளம், உம்மா இன்னும் அதைத் திருப்பிக் கேட்கிறார்.

பிறகு தட்டுகளைக் கழுவினோம். மழைக்கால ஈரத்தில் பல தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சணப் புள்ளிகள். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான துணியால் பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, நடுத்தாள் நனையாமல் பார்த்து, சுத்தமான நீரால் மீண்டும் துடைத்து, கோப்பைத் தட்டில் நிமிர்த்தி நிறுத்தி உலர்த்தினோம். வெயிலில் வைக்கக் கூடாது, வளைந்துவிடும். பாரமான பழைய 78 சுற்றுத் தட்டு யாரிடமாவது இருந்தால் அதில் மதுசாரம் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது. அவை அரக்கால் ஆனவை, மதுசாரத்தில் கரையும். அவற்றுக்கு ஊசியும் வேறு. அதன் பள்ளம் இதைவிட அகலம்.

இன்னொரு இலவச உதவி எம்ப்ளிபயரின் முகப்பிலேயே இருந்தது. 'மோனோ' என்ற ஆளி. பழைய ஹனீபா தட்டுகள் மோனோ. அவற்றில் பாட்டு பக்கவாட்டு நெளிவில் மட்டுமே இருக்கிறது. எங்களுடைய ஸ்டீரியோ காட்ரிஜோ மேல்கீழ் அசைவையும் படிக்கும். மோனோ தட்டில் மேல்கீழாக அசைவது தூசியும் தேய்மானமும் மட்டும்தான். ஆளியை அழுத்தினால் இரண்டு பக்கமும் கூட்டப்பட்டு அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கிறது. படபடவென்ற பொரியல் சத்தம் பாதியாகக் குறைந்தது போலிருந்தது. நாற்பது வருடமாக அந்த ஆளியை யாரும் தொட்டதில்லை.

இப்போது ஊசி.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் ஹனீபாவின் தட்டொன்று ஒரே இடத்தில் குதித்துக் குதித்து அதே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடியது. வீட்டில் யாரும் இல்லை. நான் ஊசிக்கு மேலே ஒரு இரண்டு ரூபாக் குற்றியை வைத்தேன். குதிப்பு நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம். அந்த விடுமுறை முழுவதும் அந்தத் தட்டை அப்படித்தான் கேட்டேன். மூத்தாப்பா வரும்போது மட்டும் குற்றியை எடுத்துவிடுவேன். சில வாரங்களில் அந்தப் பாட்டின் பின்பாதியில் 'ஸ்ஸ்' என்ற ஒரு கீறல் ஒலி வந்தது. பிறகு அது போகவே இல்லை.

இந்த வருடம் அந்தக் குற்றியைப் பாடசாலை ஆய்வுகூடத் தராசில் நிறுத்தேன். ஏறக்குறைய 7 கிராம். ஊசியின் சரியான பாரம் 2 கிராம் என்றால், நான் 9 கிராம் ஏற்றியிருக்கிறேன். 2 கிராம் என்பதே சிறிய விடயமல்ல. கணக்குப் பார்த்தேன். 0.02 நியூட்டன் விசை, 45 பாகை சாய்ந்த இரண்டு சுவர்களில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 0.014 நியூட்டன். தொடும் பரப்பைப் பக்கத்துக்கு 10 மைக்ரோமீற்றர் உள்ள ஒரு சதுரம் என்று வைத்துக்கொண்டால் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறக்குறைய 1400 மடங்கு! அதன் மேல்தான் நான் குற்றியை வைத்தேன்.

பாரம் மட்டுமல்ல, ஊசியின் நிலையும் கேள்விதான். வைர ஊசிக்கும் ஆயுள் உண்டு, பொதுவாக 500 முதல் 1000 மணித்தியாலம். எங்கள் ஊசி குவைத்திலிருந்து வந்ததே தவிர ஒருபோதும் மாற்றப்படவில்லை. சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்யும் அயல்வீட்டு மாமா தன்னுடைய பத்து மடங்கு லென்ஸால் பார்த்துவிட்டு, "அழுக்குத் தெரியுது மகள், வெட்டு விளங்கல்ல" என்றார். ஊசியைக் கழற்றி, ஆசிரியையிடம் அனுமதி பெற்று, உயிரியல் நுணுக்குக்காட்டியில் வைத்து, மேலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய நுனியின் இரு பக்கமும் தட்டையாகி இரண்டு சிறிய கண்ணாடி போல மினுங்கின. தட்டையான இடத்துக்கு ஓரம் உண்டு. அந்த ஓரம் உளி மாதிரி பள்ளத்தைச் செதுக்கும்.

நானாவுக்கும் எனக்கும் இருந்த வாதம் இங்கேதான் முடிந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பரீட்சித்துப் பார்க்க அவருடைய நண்பர் வீட்டிலிருந்து நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டைக் கொண்டுவந்து பூட்டினோம். நேர்மையாகச் சொன்னால், நாங்கள் செய்த எதையும்விட அதுதான் உடனே காதுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது. ஒலிக்கருவிகளைப் பற்றி எழுதுவோரிடையேயும் இது பழைய சண்டை. 1973 இல் கிளாஸ்கோவில் தொடங்கிய லின் என்ற நிறுவனம், முதலில் பிளேயரைத் திருத்துங்கள், அங்கே இழந்ததை ஸ்பீக்கரால் திருப்பித் தர முடியாது என்று வாதிட்டது. ஸ்பீக்கர்தான் முதல் என்போர் இன்னொரு பக்கம்.

புதிய தட்டுகளும் தேயாத ஊசியும் உள்ளவர் என்னிடம் கேட்டால் நானாவின் பக்கம்தான் பேசுவேன், ஸ்பீக்கரை மாற்றுங்கள் என்பேன். எங்கள் நிலை அதுவல்ல. மோசமான ஸ்பீக்கரில் ஆயிரம் தடவை கேட்டாலும் தட்டுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வருடம் ஸ்பீக்கர் வாங்கலாம். தேய்ந்த ஊசியால் ஒரு தடவை கேட்டாலும் போனது போனதுதான். மூத்தாப்பாவின் தட்டுகளில் சிலவற்றுக்கு இன்னொரு பிரதி எங்கே கிடைக்கும்? நானா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஊசிய வாங்கு" என்றார்.

பழைய காட்ரிஜுக்கு ஊசி செய்வதை நிறுத்திவிட்டார்கள். எனவே ஓடியோ-டெக்னிக்கா நிறுவனத்தின் ஏ.டி.-வி.எம். 95 ஈ என்ற காட்ரிஜை வரவழைத்தோம். தபாலும் சுங்கமும் சேர்ந்து 26,500 ரூபா. அதைத் தெரிவு செய்ய இரண்டு காரணங்கள். ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். மற்றது, அதன் நுனி வட்டமல்ல, நீள்வட்டம். இதன் அருமை தட்டின் உட்பகுதியில் தெரியும். வெளி விளிம்பில் பள்ளம் செக்கனுக்கு ஏறக்குறைய 51 சென்ரிமீற்றர் வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. நடுத்தாளுக்குக் கிட்டே அது 21 சென்ரிமீற்றர்தான். ஆகவே 10,000 ஹேட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரோமீற்றர் நீளத்தில் தாராளமாக இருக்க, உள்ளே 21 மைக்ரோமீற்றரில் நெருக்கப்பட்டிருக்கும். 15 மைக்ரோமீற்றருக்கு மேல் ஆரையுள்ள வட்ட நுனி அந்த நெளிவுக்குள் இறங்காது. நீள்வட்டத்தின் ஒடுங்கிய பக்கம் 8 மைக்ரோமீற்றர்தான், இறங்கும். கிராஅத் தட்டின் கடைசிப் பகுதியில் ஸீனும் ஸாதும் ஷீனும் ஒரே சீறலாகக் கேட்டதன் காரணம் இதுவும் தேய்மானமும்தான். மத்ரஸாவில் மக்ரஜ் படித்த எவருக்கும் அது முள் மாதிரிக் குத்தும்.

காட்ரிஜைப் பூட்டுவது வாங்குவதைவிடக் கடினம். கை வளைவாகச் செல்வதால் ஊசி பள்ளத்துக்கு நேராக இருப்பது இரண்டே இடங்களில்தான். பரவலாகப் பயன்படும் அமைப்பில் அவை மையத்திலிருந்து 66 மில்லிமீற்றரிலும் 120.9 மில்லிமீற்றரிலும் உள்ளன. இதற்கென்று கோடு போட்ட அட்டையொன்றை அச்சிட்டு, இரண்டு இடத்திலும் காட்ரிஜ் கோட்டுக்கு நேராக வரும்வரை திருகாணியைத் தளர்த்தி இறுக்கினேன். ஒரு பின்னேரம் முழுவதும் போனது. பாரத்தை அளக்க மீண்டும் மாணிக்க மாமாவிடம் போனோம். அவருடைய தராசு கரட்டில்தான் காட்டும். 1 கரட் 0.2 கிராம் என்பதால் எங்களுக்கு வேண்டிய 2 கிராம் சரியாக 10 கரட். முதலில் எண் தாறுமாறாக ஏறியது. தராசின் உருக்குத் தட்டைக் காட்ரிஜின் காந்தம் இழுத்துக்கொண்டிருந்தது! பிளாஸ்ரிக் தட்டொன்றை மாற்றி வைத்ததும் நிதானமாகப் 10 காட்டியது. "இவ்வளவு கவனமா நான் நீலக்கல்லக்கூட நிறுத்ததில்ல" என்று மாமா சிரித்தார்.

தங்க முலாம் பூசிய வயர், விலை கூடிய விரிப்பு, தட்டின் மேல் வைக்கும் பாரம் என்று வேறு பல பொருட்களும் விற்பனைக்கு உண்டு. எங்கள் வயர் அறுந்திருக்கவில்லை, அதனால் அவற்றைப் பற்றி யோசிக்கவேயில்லை. புதிய உள்ளுறைகளுக்கும் கழுவும் சாமான்களுக்கும் 2,200 ரூபா செலவழித்தோம். உறையில் 12,800 மிச்சம். அது நானாவின் ஸ்பீக்கருக்கு முதல் முற்பணமாக அலுமாரியில் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூத்தாப்பாவைக் கதிரையில் இருத்தி ஹனீபாவின் தட்டைப் போட்டோம். இரண்டு வரி போனதும் அவர் விரல் கைப்பிடியில் தாளம் போடத் தொடங்கியது. "ஆ, இவர்தான்" என்றார். பின்பாதியில் அந்தக் கீறல் ஒலி வந்தது. புதிய ஊசிக்கும் அது கேட்டது. பள்ளத்தின் சுவரில் இல்லாததை எந்த ஊசியாலும் எடுக்க முடியாது. அன்றுதான் குற்றியைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "ரெண்டு ரூபாக் குத்தியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தட்டின் மற்றப் பக்கத்தைப் போடச் சொன்னார். இப்போதெல்லாம் அந்தப் பாட்டு பாதிக்கு வந்ததும் நான் எழும்பிப் போய் ஊசியைத் தூக்கிவிடுகிறேன். மிச்சத்தை மூத்தாப்பா தன் வாயாலேயே பாடி முடிக்கிறார்.